அண்டாவில் வெட்டிய பெயர்

முன்னொரு காலத்தில் தும்பைநாட்டை உதயகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்குக் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. மத்தியானம் தூங்கிவிடுவான், அதனால் நாடு பிழைத்துக் கிடந்தது.

அவன் சபையில் ஆராவமுதர் என்று ஒரு மருத்துவப் பண்டிதர். படிப்பு மலையளவு, பொறாமை அதைவிட ஒரு பிடி கூட. குயவர் தெருவில் பிறந்த கூத்தாண்டி தனக்கு மேலே மந்திரியாக உட்கார்ந்திருப்பது அவருக்குச் சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி. சபையில் ஒருநாளாவது அந்தத் தலை குனிய வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்ளாத கோயில் இல்லை.

அந்த வருஷம் பண்டிதர் 'நீர்க்கல விளக்கம்' என்றொரு நூல் செய்தார். செம்புக் குடத்து நீர் ஆயுளைக் கூட்டும், மண்பானை நீர் நோயைக் கூட்டும் என்பது அதன் சாரம். கேள்விப்பட்ட ராஜா துள்ளிக் குதித்தான்.

"அரங்கேற்றம் முடியட்டும். வரும் போகிக்குள் நாட்டில் ஒரு மண்பானை இருக்கக் கூடாது, அத்தனையும் உடையட்டும்!"

குயவர் தெருவில் அன்றைக்கு ஒரு சூளையும் எரியவில்லை.

அரங்கேற்ற நாள் வந்தது. மந்திரி ஆராய்ந்து சொன்ன பிறகே நூலுக்கு ராஜமுத்திரை விழும் என்பது சபை வழக்கம். கூத்தாண்டி எழுந்தார். ஏட்டைத் தொடவே இல்லை.

"மகாராஜா, நூலைப் பற்றிப் பேசுமுன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. என் மாமனார் இன்றும் பானை வனைகிறார். என் வீட்டு உலையில் வேகும் அரிசியில் பாதி அவர் கொடுப்பது. மண்பானைக்காக நான் பரிந்து பேசினால், அதைக் கழித்துக்கொண்டு கேளுங்கள்."

ஆராவமுதருக்கு உச்சி குளிர்ந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டதே!

"கேட்டீர்களா பிரபு! யார் சோற்றைத் தின்கிறோமோ அந்தப் பக்கம்தானே நாக்கு புரளும்? இவர் சொல் அம்பலம் ஏறக் கூடாது!"

"நியாயம்தான். மந்திரி, உட்காரும்" என்றான் ராஜா.

கூத்தாண்டி உட்கார்ந்தார். பிறகு கைகூப்பி, "பண்டிதர் சொன்னது பொன்னான விதி. அதே விதியால் எனக்கு ஒரு சந்தேகம். நூலின் பாயிரத்தில் செய்தவர் பெயர் இருக்கிறது. செய்வித்தவர் பெயரைக் காணோமே?" என்றார்.

ஆராவமுதர் ஏட்டுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

செய்வித்தவர் பெயருள்ள ஏட்டை அவர் எழுதத்தான் எழுதியிருந்தார். 'செம்பு வணிகன் பட்டாபி வேண்ட, அவன் தோட்ட வீட்டில் ஓராண்டு இருந்து செய்தது' என்று. "என் பெயர் எதற்கு சுவாமி? ஊர் தப்பாக நினைக்கும்" என்று பட்டாபி சிரித்தான். தப்பில்லை என்றால் ஊர் ஏன் நினைக்கப் போகிறது என்று அப்போதே அவருக்கு உறைத்தது. உறைத்தும், அந்த ஏட்டைக் கயிற்றிலிருந்து தம் கையாலேயே உருவிப் பரணில் போட்டார். அடுத்த மாதம் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப்பாத்திரம் அத்தனையும் பட்டாபி கடையிலிருந்து வந்து இறங்கியது.

"பண்டிதர் வீட்டுக் கல்யாணத்தில் நானும் சாப்பிட்டேன்" என்றார் கூத்தாண்டி, மெதுவாக. "சாம்பார் அண்டாவில் 'பட்டாபி உபயம்' என்று வெட்டியிருந்தது. அண்டாவுக்குக்கூடக் கொடுத்தவர் பெயர் வெட்டுகிறோம். ஏட்டுக்கு வெட்டினால் என்ன?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான். அவன் குளிக்கிற கொப்பரையிலும் அதே எழுத்துத்தான் இருந்தது.

"பிரபு, பட்டாபி பெயர் எழுதிய ஏட்டை நான்தான் உருவிப் பரணில் போட்டேன். ஆனாலும் செம்பு நீர் நல்லதுதான். அது பொய்யில்லை!" என்று பண்டிதர் கதறினார்.

"மெய்யாகவே இருக்கட்டும். இனிமேல் நீர் சொன்னால் யாரய்யா நம்புவது?" என்றான் ராஜா.

ஆராவமுதருக்குச் சிரிப்பைவிட இதுதான் சுட்டது. மெய்யையும் சேர்த்தல்லவா கெடுத்துக்கொண்டார்!

ராஜா பானை உத்தரவைத் திரும்பப் பெற்றான். தன் தோளில் கிடந்த பட்டைக் கூத்தாண்டிக்குப் போர்த்தினான். "அந்தக் கொப்பரையைப் பட்டாபிக்கே திருப்பி அனுப்புங்கள்" என்று முனகினான். பண்டிதரைப் பார்த்து, "போய் அந்த ஏட்டைக் கொண்டுவாரும். இதே சபையில் நீரே வாசியும்" என்றான்.

கொண்டுவந்தார். வாசித்தார். ஈயம் பூசாத செம்பில் மோரோ புளியோ வைத்தால் களிம்பேறும் என்ற பாட்டையும் நூலில் சேர்க்காமல் விட்டிருந்தார். யாரும் கேட்காமலே அதையும் சொன்னார். முடித்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கூத்தாண்டி ஒரு மண்குவளையில் தண்ணீர் நீட்டினார்.

"குடியுங்கள். என் மாமனார் வனைந்தது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்."

ஆராவமுதர் இரண்டு கையாலும் வாங்கினார். சபையில் ஒரு தலை குனிய வேண்டும் என்று ஊர்க் கோயிலெல்லாம் வேண்டிக்கொண்டாரே, குனிந்தது. யார் தலை என்று சாமிக்கு அவர் விளக்கமாகச் சொல்லவில்லை போலிருக்கிறது.