மாட்டுத்தொழுவத்துக் கடை

இயேசு பிறப்பைக் காட்டும் குடில் பொம்மைகள் விற்றால்தான் செலஸ்தீனாள் பிள்ளைகளுக்குப் பண்டிகைத் துணி. கிறிஸ்துமஸ் சந்தையில் அவளுக்குக் கமிட்டித் தலைவர் சூசை அண்ணாச்சி ஒதுக்கியதோ, கடைசி மூலையிலிருந்த மாட்டுத்தொழுவம்.

"முன்வரிசை பெரிய கடைகளுக்கு. இங்க கூட்டம் சேர்த்துட்டா, அடுத்த வருஷம் வாசல் கடை உனக்குத்தான்" என்று சிரித்தார்.

"சரி அண்ணாச்சி."

வைக்கோல் பரப்பி, குழந்தை இயேசு, முதலில் பார்க்க வந்த இடையர்கள், கடைசியில் வந்த மூன்று ராஜாக்கள் என்று பொம்மைகளை அடுக்கினாள். அங்கே கட்டியிருந்த மாட்டை அவிழ்க்கவில்லை. உயரமான மூங்கிலில் நட்சத்திர விளக்கை ஏற்றினாள். நிஜ மாடு நிற்கும் குடிலைப் பார்க்கப் பிள்ளைகள் தாய்மாரை இழுத்து வந்தார்கள். பொம்மைகளும் விற்றன. வாசல் கடைகள் காற்று வாங்கின.

அண்ணாச்சி மூச்சிரைக்க வந்தார். "ஏட்டி, என்ன இங்க கூட்டம்?"

"வாங்க அண்ணாச்சி! இடையர்கள் முதல்லயே வந்துட்டாங்க. ராஜாக்கள் கடைசியாத்தானே வருவாங்க?"

எல்லாரும் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார். "சரி, வாசல் கடை உனக்குத்தான்."

"மாட்டையும் கூட்டிட்டு வருவேன் அண்ணாச்சி."