கரடி தைத்த கல்யாணச் சட்டை

ஒரு காட்டில் நாதஸ்வரம் வாசிக்கும் கரடி ஒன்று இருந்தது, குழந்தைகளே. அது ஊத ஆரம்பித்தால் மான்கள் மேய்வதை மறந்து நிற்கும். அவ்வளவு பேர் எடுத்த கரடிக்குத் தன் தொப்பையை நினைத்தால் மட்டும் ஒரே வெட்கம்.

மயிலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மேளத்துக்குக் கரடியைத்தான் அழைத்தார்கள்.

"இந்தத் தடவை புதுச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் வாசிப்பேன். அதையும் என் கையாலயே தைப்பேன்!" என்று கரடி குதித்தது. அதுவரை அது ஊசியைத் தொட்டதுகூட இல்லை.

தையலில் கெட்டிக்காரியான தூக்கணாங்குருவியிடம் ஓடியது. குருவி ஊசியும் நூலும் கொடுத்தது. பிறகு அளவு பார்ப்பதற்காக ஒரு கொடியைக் கரடியின் வயிற்றைச் சுற்றிப் பிடித்தது. உடனே கரடி மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை எக்கிக்கொண்டது.

"மூச்சை விடுண்ணே!"

"விட்டுட்டுத்தான் நிக்கிறேன். என் உடம்பே இவ்வளவுதான்" என்று கரடி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது.

"நீ ஊதுற ஆளு. ஊதும்போது இந்த வயிறு எங்க போகும்?"

"நீ அளவை மட்டும் பாரு தங்கச்சி."

குருவிக்குச் சிரிப்பு வந்தது. சொன்னால் கேட்கிற ஆளா என்று கொடியில் முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டது.

அந்த முடிச்சை வைத்துக் கரடி துணியை வெட்டியது. தைக்கும்போது பத்துத் தடவை விரலில் குத்திக்கொண்டது. ஒருமுறை சட்டையைத் தன் தொடை ரோமத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் கத்தியது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஆனால் கடைசிப் பொத்தானாக ஒரு புங்கங்கொட்டையை வைத்துத் தைத்து முடித்ததும், அதற்குத் தலைகால் புரியவில்லை. சட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடியது!

கல்யாணத்தன்று மூச்சை அடக்கிப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

"அட, கரடி இளைச்சிடுச்சே!" என்றது தவில்காரக் குரங்கு. கரடிக்கு உச்சி குளிர்ந்தது.

முகூர்த்தம் வந்தது. மாப்பிள்ளை மயில் தாலியை எடுத்தது. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று எல்லோரும் குரல் கொடுத்தார்கள்.

கரடி ஊதியது. "பீ... ப்ப்" என்று ஒரு சத்தம்தான் வந்தது. சட்டை இறுக்கிப் பிடித்ததில் மூச்சு உள்ளே போகவே இல்லை. மேளம் முழங்காமல் எப்படித் தாலி கட்டுவது? நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மணப்பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

கரடி தன் ஆசைச் சட்டையைப் பார்த்தது. கலங்கிய அந்தக் கண்களையும் பார்த்தது.

"சட்டை போனா போகட்டும்!"

வயிறு நிறைய மூச்சை இழுத்தது. டர்ர்ர்! இரண்டு பக்கத் தையலும் பிரிந்தன. புங்கங்கொட்டைப் பொத்தான்கள் தெறித்து ஓடின. தொப்பை வெளியே வந்து குலுங்கியது. நாதஸ்வரமோ காடே அதிரும்படி முழங்கியது! குரங்கு தவிலை விளாச, தாலி ஏறியது. எங்கும் ஒரே பூமழை!

சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. கரடி வெட்கத்தோடு தொப்பையை மூடப் பார்த்தது.

"மூடாதீங்கண்ணே! அந்த வயித்து மூச்சாலதான் எங்க கல்யாணமே நடந்துச்சு" என்றது மணப்பெண்.

கரடி கையை எடுத்துவிட்டது. கிழிந்த சட்டையைக் கழற்றாமலே பந்தியில் முதல் இலைக்குப் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னது: "நானே தைச்சது! அடுத்த சட்டையை இந்தத் தொப்பைக்கே தைக்கப் போறேன். பாயசத்தை இன்னும் கொஞ்சம் ஊத்துங்க!"

நீதி: உன் அளவை மறைக்காதே, இல்லாத உடம்புக்குத் தைத்த சட்டை இருக்கிற உடம்புக்குப் பொருந்தாது.