அந்த 'எல்லாரும்' யார்?

ஒரு காட்டில் ஒரே ஒரு சுனை இருந்தது, குழந்தைகளே. அதைக் காத்துவந்த யானை வேறு காட்டுக்குக் குடிபோய்விட்டது. புதுக் காவலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் காட்டில் வால்தான் வாக்கு. பிடித்தவருக்கு வாலைத் தூக்கினால் போதும், தேர்தல் முடிந்தது!

ஓநாய் முந்திக்கொண்டது. "நான் காவலரானால் குட்டிகள் சுனைப் பக்கமே வரக் கூடாது. தண்ணீரைக் கலக்கித் தொலைக்கின்றன!" என்று அறிவித்தது.

கோடையோ கொளுத்துகிறது. பாவம், குட்டிகள் தண்ணீருக்கு எங்கே போகும்?

ஓநாய் பலே ஆள். காட்டுப்பன்றியைத் தனியாகப் பிடித்து, "அண்ணே, எல்லாரும் என் பக்கம் வந்தாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்றது.

ஆறு குட்டிகளின் தகப்பனான பன்றிக்குப் பகீரென்றது. ஆனாலும், "நான் மட்டும் தனியா நிற்பேனா? என் வாலும் உனக்குத்தான்" என்றது.

முயலிடமும் இதே பேச்சு. மானிடமும் இதே பேச்சு. இப்படியே காடு முழுக்கச் சுற்றி வந்தது ஓநாய். எல்லாரும் அசட்டுச் சிரிப்போடு தலையாட்டி வைத்தார்கள்.

தவளையிடம் மட்டும் அது போகவில்லை. வாலே இல்லாதவரிடம் வாக்குக் கேட்டு என்ன பயன்? அதனால் அந்தப் பேச்சு தவளையின் காதில் விழவேயில்லை. அதன் தலைப்பிரட்டைக் குஞ்சுகளோ அந்தச் சுனையில்தான் நீந்திக்கொண்டிருந்தன.

தேர்தல் நாள் வந்தது. பன்றி அக்கம்பக்கம் பார்த்தபடி வாலை மெல்ல நிமிர்த்தியது.

"நிறுத்துங்க!" என்று தவளை குதித்து வந்தது. "பன்றி மாமா, இவரை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"எனக்கு எங்கே பிடிச்சிருக்கு? எல்லாருக்கும் பிடிச்சிருக்காமே!"

"முயலக்கா, உங்களுக்கு?"

"ஐயோ, எனக்கு ஆகவே ஆகாது! எல்லாரும் சரின்னாங்களேன்னு..."

"மான் சித்தி?"

"நானும் எல்லாருக்காகத்தான்!"

"நானும்! நானும்!" என்று கூட்டமே கத்தியது.

தவளைக்கு ஒன்றும் புரியவில்லை. "காடே இங்கதான் நிற்குது. அப்புறம் அந்த 'எல்லாரும்' யாரு? கொஞ்சம் கூப்பிடுங்க, பார்ப்போம்!"

எல்லாரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பன்றி வாலைத் தொங்கவிட்டுச் சிரித்தது. முயல் விழுந்து விழுந்து சிரித்தது. மான் தன் வாலின்மேலேயே உட்கார்ந்துகொண்டது.

ஒரே ஒரு வால்தான் நிமிர்ந்து நின்றது. அது ஓநாயின் சொந்த வால். அதுவும் மெல்ல மெல்லத் தொங்கிப் போனது.

அன்று குட்டிகள் சுனையைக் கலக்கு கலக்கென்று கலக்கின. பெரியவர்கள் அந்தக் கலங்கல் தண்ணீரையே ஆசை ஆசையாகக் குடித்தார்கள்.

நீதி: 'எல்லாரும் சொல்கிறார்கள்' என்று தலையாட்டும் முன், பக்கத்தில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்டுவிடு.