ஜெனரலும் சூட்டைத் தின்ற பெட்டியும்

பொன்மலையில் ஒரு ஜெனரல் இருந்தார். அவருக்குப் பட்டாளமும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. கிட்டாரின் ஓசையைப் பெரிதாக்கித் தரும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் அவர். கறுப்பு ரெக்சின் போர்த்திய மரப்பெட்டி, நெற்றியில் வரிசையாகக் குமிழ்கள், வயிற்றில் ஒரு பெரிய ஸ்பீக்கர், முதுகுப் பக்கம் நான்கு கண்ணாடி வால்வுகள். ‘அது’ என்று சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆகவே நாமும் ‘அவர்’ என்றே சொல்லிவிடுவோம்.

ரயில்வேக்காரர்களின் நடன மண்டபத்தில் முப்பது வருஷம் கொடிகட்டிப் பறந்தவர் ஜெனரல். கிறிஸ்துமஸ் நடனத்தில் அவர் வாயைத் திறந்தால் நானூறு பேர் ஆடுவார்கள். ஒரு முறை அவர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடியே விரிசல் விட்டது. அந்த விரிசலைப் பற்றிச் சொல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் விரிசல் ஒரு விரற்கடை நீண்டுவிடும்.

அவருடைய சொந்தக்காரர் டெஸ்மண்ட், வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டாவது மாடி வீடு ஒன்றுக்குக் குடிவந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆசையாகச் சிவப்புக் கிட்டாரை எடுத்து மாட்டினார். ஜெனரலும் மண்டப நினைப்பிலேயே தொண்டையைத் திறந்தார். பாதிப் பாட்டில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு நர்ஸ் பொற்கொடி, கண்கள் சிவக்க நின்றிருந்தாள்.

“அங்கிள், நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்து இப்பதான் கண் அசந்தேன். தூக்கம் கெட்டா ராத்திரி வார்டுல கை நடுங்குது. கொஞ்சம் பார்த்துக்கங்க.”

“சாரி சிஸ்டர், இனிமே பாத்துக்கறேன்,” என்றார் டெஸ்மண்ட்.

“பாத்தியா? அரைப் பாட்டுல ஆளை எழுப்பிட்டேன்!” என்று கிட்டாரிடம் நெஞ்சை நிமிர்த்தினார் ஜெனரல்.

“பெருமையைப் பாரு. அந்த வேலைக்கு ஒரு அலாரம் போதும்,” என்றது கிட்டார்.

மறுநாள் டெஸ்மண்ட் ஜெனரலின் சத்தக் குமிழை ஒன்றாம் எண்ணுக்கும் கீழே இறக்கி வைத்து வாசித்தார். வந்தது பாட்டா அது? சளி பிடித்த கொசு முனகுவது மாதிரி இருந்தது.

“நான் தேனாக் குடுக்கறேன், நீங்க அதுல தண்ணியை ஊத்தறீங்களே!” என்று கிட்டார் குறைப்பட்டது.

ஜெனரலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “நான் என்ன பண்ணுவேன்? நாலு வால்வும் மூச்சு முட்ட உழைச்சாத்தான் என் குரல்ல அந்தக் கரகரப்பும் இனிப்பும் வரும். கையைக் கட்டிக்கிட்டு உட்காரச் சொன்னா எப்படி வரும்?”

அதற்கடுத்த நாள் டெஸ்மண்டின் மனைவி ஐரீன் ஒரு தடிக் கம்பளியைக் கொண்டுவந்து அவர்மேல் போர்த்தினாள். பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல ஆயிற்று குரல். அழகெல்லாம் கம்பளிக்குள் தங்கிவிட்டது, முரட்டுத்தனம் மட்டும் சுவரைத் தாண்டிப் போனது. பொற்கொடி மறுபடியும் வந்து கதவைத் தட்டினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். அது டெஸ்மண்டை நன்றாகக் குத்தியது.

ஐரீன் முடிவாகச் சொல்லிவிட்டாள். “இன்னொரு தடவை அந்தப் பொண்ணு சத்தம் தாங்காம எழுந்து வந்தா, இதைக் கடையில குடுத்துட்டுக் கையகலப் பிளாஸ்டிக் பெட்டி ஒண்ணை வாங்கிடுங்க. ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டு வாசிக்கலாம்.”

ஜெனரல் பதறிப்போனார். முப்பது வருஷப் பெருமை, கடை மூலையில் தூசி தின்னவா?

“ஒரு வழி இருக்கே!” என்று ஐரீனே மறுபடியும் ஆரம்பித்தாள். “ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டிட்டா சத்தமே வராதில்ல?” அவள் கை ஒயருக்குப் போயிற்று. ஜெனரலுக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மர், வாழ்நாளில் வாய் திறக்காத பிராணி, “ஐயோ, நான் செத்தேன்!” என்று அலறியது. வால்வுகள் நான்கும் நடுங்கின.

“கையை எடு ஐரீன்!” டெஸ்மண்ட் பாய்ந்து வந்தார். “ஸ்பீக்கர் இல்லாம ஓட்டினா உள்ளே எரிஞ்சு போயிடும். இவ்வளவு பலம் வெளியே வருதுன்னா, அதை வாங்கிக்க ஒருத்தர் இருக்கணும்.”

சொன்ன வார்த்தையே அவருக்கு ஒரு யோசனையைக் கொடுத்தது. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு ரேடியோ மெக்கானிக் ஏகாம்பரத்தின் கடைக்கு நடந்தார். இரண்டு நாள் கழித்து ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். பெயின்ட்கூட அடிக்காத பெட்டி. மூடியெங்கும் துளை, உள்ளே சுண்டுவிரல் தடிமனில் ரெசிஸ்டர் என்னும் மின்தடைகள், வெளியே ஒரே ஒரு குமிழ். அதை ஜெனரலுக்கும் அவருடைய ஸ்பீக்கருக்கும் நடுவே கோத்து வைத்தார்.

“யாருடா நீ? என் வாயைப் பொத்த வந்தவனா?” என்று சீறினார் ஜெனரல்.

“இல்லீங்க. நீங்க முழு மூச்சோட பாடுங்க. அதுல துளியூண்டை ஸ்பீக்கருக்கு அனுப்பிட்டு, மிச்சத்தை நான் வாங்கிக்கறேன்,” என்றது பெட்டி.

“வாங்கி என்ன பண்ணுவே?”

“சூடாவேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஆனா அந்த வேலையில என்னை அடிச்சுக்க ஆளில்லை.”

ஜெனரல் சிரித்தார். “நானூறு பேரை ஆட வெச்ச பலம்டா இது. பத்து நிமிஷத்துல நீ புகைஞ்சிடுவே.”

“புகைஞ்சா அப்பக் கேளுங்க,” என்றது பெட்டி.

மறுநாள் மத்தியானம் டெஸ்மண்ட் ஜெனரலின் குமிழை மண்டபத்தில் வைத்த அளவுக்கே திருகினார். ஜன்னல் விரிசல் விட்ட அதே அளவு. சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், பொற்கொடி தூங்கிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஜெனரல் வாய் திறக்கப் பயந்தார்.

“என்ன ஜெனரல், தொண்டையில முள்ளா?” என்றது கிட்டார்.

ரோஷம் பொறுக்காமல் பாடினார். நான்கு வால்வுகளும் பழைய உற்சாகத்தோடு ஒளிர்ந்தன. கரகரப்பு வந்தது, இனிப்பு வந்தது, ஒரு ஸ்வரம் முடிகிற இடத்தில் அது மெல்ல இழுபட்டு நிற்கும் அழகும் வந்தது. நெஞ்சில் மோதும் அந்த அடி மட்டும் இல்லை. மற்றபடி அதே குரல்தான், ஆனால் அறைக்குள் இருவர் பேசிக்கொள்ளும் சத்தத்தில். டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஜெனரல் கதவையே பார்த்தார். யாரும் வரவில்லை.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. புகையவில்லை. ஐரீன் அதன்மேல் வைத்துவிட்டுப் போன காப்பி டம்ளர்கூட ஆறவில்லை.

“வலிக்குதாடா?” என்று ஜெனரல் மெதுவாகக் கேட்டார். இப்படி யாரையும் அவர் கேட்டதே கிடையாது.

“இது என் வேலைங்க. நீங்க உங்க வேலையைப் பாருங்க,” என்றது பெட்டி.

ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஜெனரலுக்கு உயிரே போயிற்று. ஐரீன் கதவைத் திறந்தாள். வெள்ளை யூனிஃபார்மில், முகம் தெளிந்து, பொற்கொடி நின்றிருந்தாள்.

“அங்கிள், இன்னைக்கு நீங்க வாசிக்கவே இல்லையா? உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பார்க்க வந்தேன். நான் இப்பதான் எழுந்தேன், அப்படி ஒரு தூக்கம்!”

டெஸ்மண்டும் ஐரீனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பழைய ஜெனரலாக இருந்தால் அந்தக் கேள்விக்கே நொறுங்கிப் போயிருப்பார். இப்போதோ அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“கேட்டியாடா தம்பி? நான் வாசிக்கவே இல்லையாம்!” என்றார் பெட்டியிடம்.

“கேட்டேங்க,” என்றது பெட்டி. அதன் குரலிலும் பெருமைக்குக் குறைவில்லை.

அன்றிலிருந்து ஜன்னல் விரிசல் கதையை ஜெனரல் சொல்வதே இல்லை. ஒரு நாள் கல்யாண ஊர்வலம் ஒன்று தெருவில் போயிற்று. லாரிமேல் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த ஸ்பீக்கர்கள் மாடியைப் பார்த்து, “நாங்க பாடினா பத்துத் தெரு எழுந்திருக்கும், தெரியுமா கிழவா?” என்று அதட்டின.

ஜெனரல் பக்கத்திலிருந்த தகரப்பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நாங்க முழு மூச்சோட பாடினோம், பத்தடியில ஒரு நர்ஸ் அசந்து தூங்கினாங்க. உங்களால முடியுமா?”