தலைகீழ்க் காளை

“எந்த மடப்பயல் வரைந்தான் இதை? தொழில் தெரியாதவன் கையில் காவிக்கல் எதற்கு?”

மாசாணத்தின் குரலில் குகையே அதிர்ந்தது. முப்பது வருஷம் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்த தொண்டை. பெண் துறவியிடம் சீடனாக வந்து எட்டு மாதமாகியும் அடங்கவில்லை.

சுவரில் ஆதிமனிதர் வரைந்த மாடுகள் வரிசையாக நின்றன. கொம்பும் திமிலும் கச்சிதம். ஒன்று மட்டும் தலைகீழ். கால் மேலே, முதுகு கீழே. அதிலும் மூன்று கால்தான். வாலும் இல்லை.

குரு தவமணி அவரைவிடப் பத்து வயது இளையவர். படத்தையும் பார்த்தார், சீடரையும் பார்த்தார்.

“கண்ணை மூடினால் இந்த மூன்று கால் மாடுதான் வந்து நிற்கிறது தாயே. சந்தைக்கு இப்படி ஒன்று வந்திருந்தால் ஓட்டி வந்தவனையும் சேர்த்து விரட்டியிருப்பேன். தேய்த்து அழித்துவிடுகிறேன். உத்தரவு கொடுங்கள்.”

“அழியுங்கள், தரகரே. முதலில் வாசலில் தோலைக் கட்டுங்கள். வெயில் கண்ணைக் குத்துகிறது.”

தேய்க்க எடுத்திருந்த தேங்காய் நாரையும் தண்ணீர்ச் சொம்பையும் கீழே வைத்துவிட்டு, மாசாணம் எருமைத்தோலை வாசலில் இழுத்துக் கட்டினார். குகை இருண்டது. தோலின் நடுவே மிளகளவு ஓட்டை.

“பார்த்தீர்களா? இதிலும் ஓட்டை! விற்றவன் மட்டும் கையில் கிடைக்கட்டும்...”

“ஓட்டை இருந்துவிட்டுப் போகட்டும். உட்காருங்கள்.”

“இருட்டில் எதைத் தேய்ப்பது?”

“சந்தையில் துண்டுக்குள் மறைத்து விரலைப் பிடித்து விலை பேசியவர் நீங்கள். இருட்டு உங்களுக்குப் புதிதா?”

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். மெல்லக் கண் பழகியது. எதிர்ச்சுவரில் ஏதோ அசைந்தது. வானம் கீழே கிடந்தது, புல்தரை மேலே. அந்தப் புல்லில் கால்களை மேலே ஊன்றி ஒரு காளை மேய்ந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய்த் தோலை விலக்கினார். வெளியே ஊர்க்காளை ஒன்று நாலு காலில் ஒழுங்காக நின்று மேய்ந்தது. தோலை விட்டார். சுவரில் மறுபடி கவிழ்ந்தது.

“என்ன தாயே இது, கண்கட்டா?”

குரு ஒரு கரித்துண்டை நீட்டினார்.

மாசாணம் தோளில் கிடந்த துண்டை எடுத்து, காளை தெரிந்த இடத்தில் விரித்துப் பிடித்தார். காளை துண்டில் வந்து விழுந்தது. அதன்மேல் கரியால் கோடு இழுத்தார். கொம்பு. திமில். முதுகு. அவரையறியாமல் சிரித்தார். ஆயிரம் மாட்டைப் பல் பிடித்துப் பார்த்தவர், ஒன்றையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஒரு கால். இரண்டு. மூன்று.

காளை நகர்ந்தது. துண்டின் ஓரத்துக்குப் போனது. பிறகு சுவரிலேயே இல்லை.

“ஏய், நில்லு!” தோலை விலக்கி வெளியே தலையை நீட்டிக் கத்தினார். “அரைகுறையாக விட்டுவிட்டு எங்கே போகிறாய்? இன்னும் ஒரு காலும் வாலும் பாக்கி! திரும்பி வந்து ஒழுங்காக நின்று முடித்துக் கொடுத்துவிட்டுப் போ!”

தேய்ப்பதற்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்தார் குரு.

“அதை வரைந்தவனும் இதையேதான் கத்தியிருப்பான், தரகரே.”