கால்விரல் எழுத்து

முன்னொரு காலத்தில் மருதங்கா நாட்டை வேங்கையரையன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அரண்மனையில் யாருக்கும் சோறு இறங்காது. மீன் தூங்குமா என்று கேட்டுவிட்டு, மந்திரிகள் ஆறு பேரையும் மூன்று நாள் குளக்கரையில் உட்கார வைத்தவன் அவன்.

ஒருநாள் அவனிடம் ஓர் ஓலை வந்தது. யானைகளுக்குத் தழை போதவில்லை என்ற சாதாரண சங்கதி. எழுத்தைப் பார்த்ததும் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு எழுத்தும் காற்றில் நெற்கதிர் சாய்ந்தாற்போலச் சாய்ந்து, நுனியில் ஒரு சுழி சுழித்திருந்தது.

"யாருடைய கை இது?"

ஓலைக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த கொற்றியின் கை. ராஜா அவளை வரவழைத்துத் தன் கழுத்து மாலையைக் கழற்றப் போனான். ஓலைக்கூடத்துத் தலைவர் குணபரருக்கு வயிறு பற்றி எரிந்தது. நாற்பது வருஷமாக முத்துக் கோத்தாற்போல எழுதுகிறவர். அவர் ஓலையைப் பார்த்து ராஜா ஒருநாளும் நிமிர்ந்தது கிடையாது.

"மகாராஜா, இது எழுத்தா? ஈரக் கோழி நடந்த தடம்! இன்றைக்கு இவள் வாலை முறுக்குவாள், நாளைக்கு இன்னொருத்தன் மீசை வைப்பான். அரசாங்க ஓலை ஒரே மாதிரி இருக்க வேண்டாமா? என்னைப் போல எழுதட்டும். முடியாவிட்டால் நகத்தை வெட்டிவிடுங்கள்!"

நகம் என்றால் சும்மா இல்லை. ஓலை எழுதுகிறவர்கள் இடது கட்டைவிரல் நகத்தை வளர்த்து அதில் ஒரு பள்ளம் அறுத்திருப்பார்கள். எழுத்தாணி அந்தப் பள்ளத்தில் சாய்ந்துதான் ஓடும். நகம் போனால் பிழைப்பு போச்சு. அந்த நகத்தைக் காப்பாற்றப் பாத்திரம் தேய்க்காமல் இருந்து, கொற்றி மாமியாரிடம் வாங்காத ஏச்சு இல்லை.

அவள் ஓர் ஓலையை எடுத்து நாலு வரி கீறி நீட்டினாள். அச்சு அசல் குணபரர் எழுத்து. தன்னுடையதுதான் என்று நினைத்து அவரே ஒரு கணம் பெருமைப்பட்டார்.

ராஜாவுக்கு ஆச்சரியம். "இவ்வளவு நன்றாக வருகிறதே, பிறகு ஏன் இப்படி எழுதுவதில்லை?"

"எழுதப் பழகிய முதல் வருஷம், எங்கள் ஊருக்கு வரும் ஐயா ஓலைகளைப் பார்த்துத்தான் எழுதினேன், மகாராஜா. அப்புறம் கோயில் கல்லில் வெட்டியிருப்பதை, குயவர் பானையில் கீறியிருப்பதை, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிப் பார்த்தேன். எழுத எழுத என் கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன் போக்கிலே விட்டுவிட்டேன். ஐயா எழுத்து ஐயா வீடு. விருந்துக்குப் போகலாம், அங்கேயே பாய் விரித்துப் படுக்கலாமா?"

ராஜா தாடையைத் தடவினான். "அப்படியானால் ஒருவருடைய எழுத்து எங்கே குடியிருக்கிறது?"

மந்திரிகளுக்குக் குளக்கரை ஞாபகம் வந்து வியர்த்தது.

"நகத்தில்தான்!" என்றார் குணபரர். "வெட்டிப் பாருங்கள், வால் அடங்கிவிடும்."

"வெட்டுவதற்கு முன்னால் மணல் பரப்பச் சொல்லுங்கள், மகாராஜா" என்றாள் கொற்றி. "நகமும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். ஐயாவும் நானும் கால் கட்டைவிரலால் எழுதுகிறோம். என் எழுத்து மாறிப்போனால் நகத்தை நானே வெட்டிக்கொள்கிறேன். மாறாவிட்டால் நகமும் எழுத்தும் என்னோடு இருக்கட்டும்."

"எழுத்தைக் காலால் தொடுவதா? சரஸ்வதி பொறுப்பாளா?" என்று அலறினார் குணபரர்.

"அந்தப் பாவம் எனக்கு வரட்டும். கொண்டுவாருங்கள் மணலை!" என்றான் ராஜா.

கொற்றி மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொசுவத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, 'மருதங்கா நாடு வாழ்க' என்று எழுதினாள். முழ நீள எழுத்து. ஆனால் அதே சாய்வு, அதே சுழி. சபையே "அட!" என்றது.

அடுத்து குணபரர். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு மந்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி எழுதி முடித்தார். முத்து ஒன்றையும் காணோம். எழுத்தெல்லாம் குண்டு குண்டாக, பணியாரம் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சபை விழுந்து விழுந்து சிரித்தது.

ராஜா சிரிக்கவில்லை. சிம்மாசனத்திலிருந்து இறங்கி மணல் பக்கத்தில் குந்திப் பார்த்தான். "அழகாக இருக்கிறதே! யார் எழுத்து இது?"

"தெரியவில்லை, மகாராஜா" என்றார் குணபரர்.

கொற்றி மெல்லக் கேட்டாள்: "சின்ன வயதில் எப்படி எழுதுவீர்கள், ஐயா?"

பெரியவரின் முகம் மாறியது. "இப்படித்தான் எழுதுவேன், அம்மா. வாத்தியார் பிரம்பை ஓங்கிக்கொண்டு வருவார். அவர் எழுத்தை அப்படியே எழுதினால்தான் அடி நிற்கும். அன்றைக்கு விட்டது."

"அப்படியானால் நாற்பது வருஷமாக என் அரண்மனையில் ஓலை எழுதியது உம்முடைய வாத்தியாரா?"

குணபரர் தலை குனிந்து நின்றார். அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மணலில் விழுந்தது. பார்த்தவர்களுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

ராஜா மாலையைக் கழற்றிக் கொற்றியின் கையில் கொடுத்தான். "இவள் நகத்தை யாரும் தொடக் கூடாது. குணபரரே, பிறர் நகத்தை வெட்டச் சொன்ன உமக்குத் தண்டனை உண்டு. நாளை முதல் வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீரே எழுதும்."

மறுநாள் காலை முதல் ஓலை வந்தது. மழை எப்படி, நெல் எப்படி என்ற பழைய சங்கதிதான். பணியாரம் பணியாரமாக எழுத்து. பெயரைப் பார்க்காமலே யாருடையதென்று தெரிந்துவிட்டது.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். கதவோரம் நின்றிருந்த குணபரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.