மைதானத்தில் இல்லாதவர்

ஹபிபுல்லா திருச்சியில் ஒரு நாளிதழின் தலைமை உதவி ஆசிரியர். மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதுதான் முப்பத்தைந்து வருடமாக அவர் வேலை. அவரிடம் தொழில் கற்றவர்களில் கோமளவல்லியும் ஒருத்தி. நாற்பத்து நான்கு வயதில், வேறொரு பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் முழுவதும் அவள் பொறுப்பில் இருந்தது. ஆனாலும் சிக்கல் என்று வந்தால் அவரைத் தேடித்தான் வருவாள்.

அன்று மதியம் இரண்டு தாள்களோடு வந்தாள்.

சிக்கல் தேவசகாயத்தைப் பற்றியது. 'மைதானத்திலிருந்து' என்று அவர் எழுதிய பத்தி, ஹபிபுல்லாவின் நாளிதழில் திங்கள்தோறும் முப்பத்தோரு வருடம் வந்தது. அதைப் படிப்பதற்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் உண்டு. நாலு வரிக்கு ஒரு 'நான்' வராமல் இருக்காது. ஆட்டம் பார்க்கப் போனால் செய்தியாளர் வரிசையில் நடு நாற்காலி அவருக்கு. வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், அவர்கள் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நின்று இருமிக்கொண்டிருப்பார்.

விளையாட்டுச் செய்தியாளர் சங்கம் அவருக்கு வாழ்நாள் விருது கொடுப்பதாக இருந்தது. அந்த நேரத்தில் ஒரு புகார் வந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் நடந்த பெண்கள் வாலிபால் இறுதி ஆட்டத்தை நேரில் பார்த்ததுபோல் எழுதியிருக்கிறார். அன்று அவர் இருந்தது கோயம்புத்தூரில், ஒரு கல்யாண வீட்டில். புகைப்படமும் இணைத்திருந்தார்கள்.

விசாரிக்கச் சங்கம் மூன்று பேர் கொண்ட குழுவைப் போட்டது. ஒருவர், "அவராலதான் இந்தத் தொழிலுக்கே ஒரு மரியாதை வந்தது" என்றார். இன்னொருவர், "தலைக்கனம் பிடிச்ச பொய்யர்" என்றார். மூன்றாவது ஆள் கோமளவல்லி.

"ஒரு மனுஷன் யோக்கியனா இல்லையான்னு எப்படி சார் முடிவு பண்றது?" என்று கேட்டாள்.

ஹபிபுல்லா தாள்களை வாங்கிப் படித்தார். விருது கொடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு வரியும் தெளிவாக இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"அவர் என்ன சொன்னார்?"

"யாரு சார்?"

"தேவசகாயம்."

"கேக்கலை. அதான் புகைப்படமே இருக்கே."

"கலெக்டரைப் பத்தி எழுதினா கலெக்டரைக் கேட்டுட்டுத்தானே எழுதுவே?"

கோமளவல்லி தாள்களை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் உறையூரில் இருந்த தேவசகாயத்தின் வீட்டுக்குப் போனாள். அவருக்கு எழுபத்தைந்து வயது. வீட்டில் இருந்தபோதும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். சுவர் முழுக்க வீரர்களோடு அவர் எடுத்துக்கொண்ட படங்கள். எல்லாவற்றிலும் அவர் நடுவில் நின்றார்.

அவளுடைய தாள்களை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"முப்பது வருஷம்னு போட்டிருக்கே. முப்பத்தொண்ணு."

"மாத்திடறேன் சார். திண்டுக்கல் விஷயம்?"

"போகலை. என் தங்கச்சி மகள் கல்யாணம். தாய்மாமன் நான், எப்படிப் போகாம இருக்க முடியும்?" தாள்களை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "திங்கக்கிழமை என் பத்தி இல்லாம பேப்பர் வரக்கூடாதுன்னு நினைச்சேன். வந்திருந்தா, நான் இல்லாமலும் வருதேன்னு ஜனங்க பார்த்திருப்பாங்க. அதைத் தாங்கற தைரியம் எனக்கு இல்லை."

அவள் குறித்துக்கொண்டாள்.

"தோத்துப்போன பொண்ணு வலைக்கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாள்னு எழுதியிருந்தேன். இன்னிக்கும் பார்க்கிறவங்க அதைத்தான் சொல்றாங்க. அதைப் பார்த்தது நீ. போன்ல சொல்லும்போது உனக்கு அழுகை வந்துடுச்சு. ஞாபகம் இருக்கா?"

கோமளவல்லியின் பேனா நின்றுவிட்டது. அன்று திண்டுக்கல்லில் இருந்தவள் அவள்தான். அப்போது ஹபிபுல்லாவிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய எழுத்தாளர் போனில் கூப்பிட்டு, "என்ன பார்த்தே, சொல்லு" என்று கேட்டதும், ஒன்று விடாமல் சொன்னாள். அந்த இரண்டு தாள்களில் அவள் எழுதாத ஒரே விஷயம் அது.

"உன் பேரைப் போட்டிருக்கணும்" என்றார் தேவசகாயம். "எனக்குத் தோணவே இல்லைம்மா. மறைக்கணும்னு நினைச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. தோணவே இல்லை."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவள் செருப்பை மாட்டும்போது மெதுவாகக் கேட்டார்.

"விருது இல்லைன்னு முடிவாயிடுச்சா?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மதியமே ஹபிபுல்லாவின் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். தேவசகாயம் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருந்தாள். போனில் பேசியதையும் எழுதியிருந்தாள்; விருது பற்றிய முடிவை மட்டும் அடித்திருந்தாள். அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சார், அந்தப் பத்தியைத் திருத்தினது யாரு?"

"நான்தான்."

"அவர் திண்டுக்கல் போகலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். வேலை இருந்ததால போகலை."

"அப்புறம் ஏன் சார் விட்டீங்க?"

ஹபிபுல்லா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ரொம்ப நல்லா இருந்தது" என்றார்.

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். 'திண்டுக்கல் போகாமலே எழுதினார்' என்ற வரிக்குக் கீழே, 'இது தெரிந்தே அச்சுக்கு அனுப்பியவர்' என்று எழுதித் தன் பெயரைச் சேர்த்தார். இனிஷியலையும் மறக்காமல் போட்டார்.

கோமளவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கத்தை வெட்டி டைரியில ஒட்டி வச்சிருந்தேன் சார்" என்றாள். "என் பேர் இல்லையேன்னு வருத்தமே இல்லை. அவர் எழுத்துல நான் சொன்னது வந்திருக்குன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் காட்டினேன். பொய்னு ஒரு நாளும் நினைச்சதில்லை. புகார் வந்த பிறகுதான் நினைச்சேன்."

ஹபிபுல்லா சிவப்புப் பேனாவை மூடினார்.

"விருது கொடுக்கலாமா, வேண்டாமா சார்?"

"என்னைக் கேக்காதேம்மா. என் பேர் அந்தத் தாள்ல இருக்கு."

கோமளவல்லி தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். யாரோ வந்து ஹபிபுல்லாவிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் அதைப் பிரிக்கவில்லை.

கடைசியில் அவள் பேனாவைக் கேட்டு வாங்கினாள். அவர் பெயருக்குக் கீழே, 'பார்த்ததைப் போனில் சொன்னவர்' என்று எழுதித் தன் பெயரைச் சேர்த்தாள். தாளின் அடியில், கையெழுத்துப் போடும் இடத்தில், 'குழு உறுப்பினர்' என்று இருந்ததை அடித்தாள். 'சாட்சி' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"எனக்குப் பதிலா வேற ஆளைப் போடச் சொல்லிடறேன் சார். இது சாட்சியமா போகட்டும். அவங்க படிச்சுட்டு முடிவு பண்ணட்டும்."

ஹபிபுல்லா தாள்களைத் திரும்ப ஒருமுறை படித்தார். முப்பது என்பது முப்பத்தொன்றாகியிருந்தது. ஒரு காற்புள்ளியை மட்டும் சேர்த்து, தாள்களை உறையில் போட்டு அவளிடம் நீட்டினார்.

"சங்கத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி தேவசகாயத்துக்கு ஒரு நகல் கொடுத்துட்டுப் போ" என்றார். "தப்பு பண்ணினது தான் மட்டும்தான்னு நினைச்சு உட்கார்ந்திருப்பார்."